கல்லடியில் ஒரு சோடி சப்பாத்து

2025 யூலையில் நான்கு நாள் பயணம். ஒவ்வொரு இரவும் கொப்பியில் எழுதியதை நாள் நாளாக இங்கே போடுகிறேன்.

யூலை 25, வெள்ளி: மன்னம்பிட்டி, கல்லடி

கொழும்பு வெள்ளவத்தையில் வியாழன் இரவு ஏறிய பஸ், விடியப்புறம் மூன்று மணிக்கு மன்னம்பிட்டி தாண்டியதும் பின் சில்லு வெடித்து நின்றுவிட்டது. மாற்றுச் சில்லு இருந்தது, கழற்றுகிற சாவி இல்லை. இன்னொரு பஸ் வந்து சாவி தரும் வரை இரண்டரை மணித்தியாலம் வீதியோரத்தில் இருந்தோம். யானை நடமாடும் இடம், தூரப் போக வேண்டாம் என்றார் நடத்துநர். பக்கத்து இருக்கையில் காத்தான்குடிக்குப் போகிற ஒரு வயதான நானா. நான் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதீங்க மகள், நாங்க எல்லாரும் இஞ்சதானே இரிக்கம்" என்று சொல்லி, கையிலிருந்த கச்சான் கடலைச் சரையை என் பக்கம் நீட்டினார். சற்றுத் தள்ளி ஒரு பெட்டிக்கடை. சத்தம் கேட்டு எழும்பி வந்த சிங்கள அம்மா லாம்பு கொளுத்தி, எல்லாருக்கும் இஞ்சி போட்டுப் பிளேன்ரீ ஊற்றினார். ஒரு கோப்பை நாற்பது ரூபா. ஒரு கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் கொடுத்தார், அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

என் பையில் இரண்டு மூன்று உடுப்பு, அண்ணனின் மகளான என் மருமகளுக்கு ஒரு கலர்ப் பெட்டி, ஒரு பழைய லப்டொப். லப்டொப்பில் ஒரு படம் இருக்கிறது. அதை அண்ணனுக்குக் காட்டத்தான் இந்தப் பயணமே.

ஏப்ரலில் காய்ச்சலோடு அறையில் படுத்திருந்தபோது பார்த்த படம். மஜித் மஜிதி 1997இல் எடுத்த ஈரானியப் படம், 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. ஒஸ்காரில் சிறந்த பிறமொழிப் படத்துக்கான போட்டியில் இடம்பிடித்த முதல் ஈரானியப் படம் அது. தமிழிலும் 2022இல் 'அக்கா குருவி' என்று திரும்ப எடுத்தார்கள். இதெல்லாம் பிறகு தேடித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கதை மட்டும்தான். தெஹ்ரானில் ஓர் ஏழை வீடு. அலி என்ற சிறுவன், தைக்கக் கொண்டுபோன தங்கச்சியின் சப்பாத்தைக் கடையடியில் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்லப் பயம். அதனால் அவனுடைய ஒரு சோடியை இரண்டு பேரும் மாறி மாறிப் போடுகிறார்கள். தங்கச்சி ஸஹ்ராவுக்குக் காலைப் பள்ளிக்கூடம், அலிக்குப் பின்னேரம். பள்ளி விட்டதும் அவள் ஓடுகிறாள். ஒரு சந்தில் அவன் காத்து நிற்கிறான். அவசர அவசரமாக மாற்றிக்கொண்டு அவன் ஓடுகிறான்.

அந்த இடத்தில் நான் கட்டிலில் எழும்பி இருந்துவிட்டேன். அது நான். 2005ஆம் ஆண்டு, மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடி. எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு.

காலை எட்டரைக்குக் கல்லடியில் இறங்கினேன். பெரியம்மா குரக்கன் புட்டும் கூனி இறால் சுண்டலும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "மெலிஞ்சி போனாய் புள்ள, மறுகா என்னத்தத்தான் திங்கிறாய் அங்க?" கூனி சாப்பிட்டு நான்கு வருடம். கொழும்பில் இதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், கிடைத்தாலும் இந்த ருசி வராது. கூனியைத் தேங்காய்ப்பூவோடு வறுக்கும்போது கடைசியில் கறிவேப்பிலை போட்டு உடனே மூடிவிட வேண்டும் என்கிறார் பெரியம்மா.

வெயில் ஏறமுன் கடற்கரைக்கு நடந்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது சவுக்கு மரங்கள். கிணற்றுக் கட்டு மட்டும் மணலுக்குள் அரைவட்டமாகத் தெரிகிறது. திருச்செந்தூர் முருகன் கோவிலில் சுனாமி அலை சரித்த கோபுரம் சரிந்தபடி நிற்கிறது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா தினம். நாங்கள் எல்லாரும் முதல்நாள் இரவே ஆரையம்பதியில் அம்மம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அதனால் இருக்கிறோம். தோணியும் வலையும் வீடும் போனது.

பிறகு முகாம். முதலில் கூடாரம், பின்னர் தகரக் கொட்டில். அண்ணனின் பள்ளிக்கூடத்தை அலை அடித்துவிட்டதால் அவர்களுக்கு நகரப் பக்கத்தில் வேறொரு பள்ளிக் கட்டடத்தில் பின்னேர வகுப்பு. எனக்கு அதே பக்கத்தில் காலை வகுப்பு, பதினொன்றே முக்காலுக்கு விடும். அவனுக்குப் பன்னிரண்டுக்கு மணி அடிக்கும். இடையில் கால் மணித்தியாலம். இரண்டு பேருக்கும் ஒரு சோடி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து.

ஒரு சோடி ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். முகாமுக்கு வரும் நிவாரணப் பெட்டிகளைப் பிரித்துக் கொடுக்கிற வேலை அப்பாவிடம் இருந்தது. ஒரு நாள் ஒரு சாக்கு நிறையச் சப்பாத்து வந்தது. குடும்பத்துக்கு ஒரு சோடி என்று முடிவு. எங்கள் கொட்டிலில்தான் அந்தச் சாக்கு இரவு முழுக்க இருந்தது. அம்மா கேட்டார், "பொடிச்சிக்கும் ஒண்டு எடுத்தா என்ன, ஆரு பார்க்கப் போறா?" அப்பா சாக்கின் வாயை இன்னொரு முறை இறுக்கிக் கட்டிவிட்டு அதிலேயே சாய்ந்து படுத்தார். விடிய எல்லாருக்கும் கொடுத்து முடித்தபோது எங்களுக்கு வந்தது ஒரு சோடி. அது அண்ணனின் காலுக்குச் சரி. எனக்கு முன்னுக்குப் பேப்பர் அடைய வேண்டும்.

படத்தில் அலியின் அப்பா பள்ளிவாசலுக்காகச் சீனிக்கட்டி உடைத்துக்கொண்டிருப்பார். தட்டு நிறையச் சீனி. தேநீர் கொண்டு வருகிற மகளிடம் சீனி கேட்பார். இவ்வளவு இருக்கிறதே என்பாள் அவள். அது பள்ளிவாசலுடையது என்பார் அவர். காய்ச்சலில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது அப்பாவின் முதுகும் அந்தச் சாக்கும்தான் எனக்குத் தெரிந்தன. அப்பா 2016இல் போய்விட்டார். அவர் உயிரோடு இருந்தபோது சாக்கு விசயத்தில் நான் அம்மாவின் பக்கம்தான் இருந்தேன். அதை அவரிடம் திருத்திச் சொல்ல இனி வழியில்லை.

பின்னேரம் பஸ்ஸில் தெற்கே. ஜும்ஆ முடிந்து காத்தான்குடிக் கடைகள் திறந்துகொண்டிருந்தன. வீதி நடுவில் பேரீச்ச மரங்கள் குலை தள்ளி நிற்கின்றன. கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று. பொழுது பட்டபின் தம்பிலுவிலில் அண்ணன் வீடு. அண்ணன் வயலிலிருந்து வரவில்லை. மச்சாள் வாசலில் தண்ணீர் வைத்திருந்தார், மருமகள் என் பையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

யூலை 26, சனி: வட்டை

அண்ணன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். இப்போது சிறுபோக வெட்டு. இரவு பத்து மணிக்கு வந்தவன் காலை நான்கரைக்குப் போய்விட்டான். ஆள் சிவந்து, கண்ணிமையில் தூசி. "வந்திட்டியா? சாப்பிட்டியா?" என்று கேட்டதோடு சரி.

மத்தியானச் சோற்றைக் கொண்டு மச்சாளோடு நானும் வயல் வட்டைக்குப் போனேன். கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. இந்தக் காற்றுக்கும் கச்சான் கொட்டைக்கும் ஒரே பெயர், காற்று உதட்டை வெடிக்க வைக்கிறது. வரம்பில் நடக்கும்போது நெல்லின் சுணை காலெல்லாம் ஏறிக் கடித்தது. மெஷினை நிறுத்தி அண்ணன் இறங்கி வந்து, மருத மர நிழலில் எங்களோடு இருந்து சாப்பிட்டான். சோறு, பருப்பு, கீரி மீன் பொரியல், மாங்காய்ச் சம்பல். வயல்காரர் ஒருவர் சட்டித் தயிர் கொண்டு வந்து வைத்தார். கடையில் அதே சட்டி அறுநூறு ரூபா. காசு என்று வாய் திறந்தேன். "வெட்டு நடக்கிற வட்டைக்கு வந்த பொம்புளப் புள்ளைக்கிட்ட காசு வாங்கிறதா?" என்று கோபித்துக்கொண்டார்.

பேச்செல்லாம் நெல் விலைதான். 'நாடு' ரக நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று இந்த வருடம் அரசாங்கம் அறிவித்தது. லொறியோடு வட்டைக்கே வந்து நிற்கிற வியாபாரி அதற்குக் கீழேதான் கேட்கிறார். ஈர நெல்லைக் காயவைக்க இடமில்லாதவன் கொடுக்கத்தான் வேண்டும். அண்ணனுக்குச் சொந்த வயல் இல்லை. ஆனாலும் அந்த வயல்காரரை விட அவனுக்குத்தான் ஆத்திரம் அதிகம். அப்பாவின் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு லப்டொப்பைக் கதிரையில் வைத்துப் படத்தைப் போட்டேன். அண்ணன் சுவரில் சாய்ந்து இருந்தான். எழுத்து ஆங்கிலத்தில் ஓடுவதால் நான் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சப்பாத்து தொலைந்து, இரவு இரண்டு பேரும் வீட்டுப்பாடம் எழுதுகிற சாட்டில் கொப்பியில் எழுதி எழுதி ரகசியம் பேசுகிற இடம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் நல்ல நித்திரை. மூன்று மாதம் இந்த நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன். படத்தை நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதீங்க மாமி" என்றாள் மருமகள்.

எட்டு வயது. கடைசி வரைக்கும் பார்த்தாள். ஓட்டப்போட்டியில் மூன்றாவதாக வருகிறவனுக்குச் சப்பாத்து பரிசு. அலிக்கு மூன்றாமிடம்தான் வேண்டும், ஆனால் முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லாரும் அவனைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள், அவன் அழுகிறான். முடிவில் வீட்டு முற்றத்துத் தொட்டியில் காலை வைத்துக்கொண்டிருக்கிறான், கொப்புளம் வந்த காலைச் சுற்றிப் பொன்மீன்கள் வருகின்றன. மருமகள் என்னைத் தட்டினாள். "மாமி, அவங்கட வாப்பா சைக்கிள்ல ரெண்டு சோடி வாங்கிற்று வந்தாரே. அவனுக்கு அது தெரியாதா?"

நான் இரண்டு தரம் பார்த்தும் சைக்கிளில் இருந்த அந்தப் பொதியைச் சரியாகக் கவனிக்கவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இருந்தது.

யூலை 27, ஞாயிறு: திருக்கோவில்

மெஷினின் வார் ஒன்று அறுந்துவிட்டது. அக்கரைப்பற்றில் கடை பூட்டு, திங்கள்தான் வாங்கலாம். அண்ணனுக்கு ஒரு நாள் வருமானம் போனது. அவனுக்கு முன்னால் சந்தோசப்படக் கூடாது என்று நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

காலையில் சித்திரவேலாயுத சுவாமி கோவிலுக்குப் போனோம். வியாழன்தான் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்தது. வளையல் கடைகளைப் பிரித்துக் கட்டுகிறார்கள், மணலில் கற்பூரக் கறையும் கச்சான் கோதும். கடைசிக் கச்சான் கடையில் ஒரு சுண்டு கேட்டதற்குக் கடைக்கார அம்மா ஒன்றரைச் சுண்டு அளந்து போட்டார், மிச்சத்தைத் திருப்பிச் சுமக்க வேண்டாமாம். கோவிலுக்குப் பின்னால் கடல். அண்ணன் முழங்கால் வரை தண்ணீரில் நின்றான். நான் கரையிலேயே நின்றேன். இருபது வருடமாகியும் அந்தக் கடலுக்குள் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் மச்சாள் சொல்லாமலே அண்ணன் ஒரு பேசின், சவர்க்காரம், பழைய பல் பிரஷ் எல்லாம் எடுத்து வந்து கிணற்றடியில் குந்தினான். மருமகளின் பள்ளிச் சப்பாத்து. பள்ளியில் கொடுத்த வவுச்சருக்கு மேலே காசு போட்டு வாங்கியது. முதலில் நாடாவை உருவித் தனியாக ஊறவைத்தான். உள்ளே இருக்கும் அட்டையை எடுத்து வேலியில் சாத்தினான். முன்பக்க ரப்பர் விளிம்பைப் பிரஷால் வட்டமாகத் தேய்த்தான், தையல் ஓடுகிற இடத்தில் பிரஷைச் சரித்துப் பிடித்தான். கழுவி முடித்து, நுனி கீழே வரும்படி மதிலில் நிறுத்தினான். அப்படி நிறுத்தினால்தான் தண்ணீர் குதிப்பக்கம் தேங்கி மஞ்சள் பிடிக்காது. பிறகு உட்பக்கம் பேப்பர் அடைந்தான். காய்ந்தபின் பூச ஒரு துண்டு சோக்.

பேப்பர் அடைகிற அந்தக் கையை நான் அறிவேன். அதே மாதிரி, பேப்பரை உருட்டி, பெருவிரலால் கடைசி வரை தள்ளி. ஒவ்வொரு நாள் இரவும் தகரக் கொட்டிலில் எனக்காக அதைச் செய்தவன் அவன்தான்.

மருமகள் சவர்க்கார நுரையை ஊதினாள். படத்திலும் அண்ணனும் தங்கச்சியும் சப்பாத்துக் கழுவும்போது நுரைக் குமிழி ஊதுவார்கள். "அப்பா, நேத்து நீங்க நித்திரையாப் போன படத்தில இது இரிக்கு" என்றாள். அவள்தான் அவனை இழுத்து வந்து இருத்தினாள். இந்த முறை கதையை நான் சொல்லத் தேவைப்படவில்லை, அவளே சொன்னாள்.

அண்ணன் அசையாமல் பார்த்தான். ஸஹ்ராவின் காலில் கழன்ற சப்பாத்து வாய்க்கால் தண்ணீரில் அடித்துப்போகிற இடத்தில் மட்டும் "ஐயோ" என்றான். அலி பிந்தி வந்து, மதிலோரமாகப் பதுங்கி வகுப்புக்குப் போகப் பார்த்து, அதிபரிடம் பிடிபடுகிற காட்சி வந்தது. கன்னத்தில் கண்ணீரோடு பேசாமல் நிற்கிறான். மூன்றாவது முறை அப்பாவைக் கூட்டி வா என்கிறார் அதிபர்.

அண்ணன் கையை நீட்டி லப்டொப்பில் எதையோ தட்டினான். படம் நின்றது.

"எனக்கும் மூண்டு தரம்" என்றான்.

விளங்கவில்லை எனக்கு.

"கேற்றடியில முழங்கால்ல விட்டாங்க. சரளைக் கல்லு. மூண்டாந் தரம் பின்னேரம் பள்ளி விடுமட்டும்."

ஏன் பிந்தினாய் என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். இருபது வருடமாக அந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஓடுகிறவள் நான்தான். பெரிய சப்பாத்தில் கால் வழுக்க வழுக்க ஓடியது, நாடா அவிழ்ந்தது, நாய் துரத்தியது. பாலத்தடியில் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்ததோடு என் கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் ஓடியதும், கேற் பூட்டியிருந்ததும் என் கதையில் இருந்ததே இல்லை.

ஒரு நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளி விட்டதும் ஒரு சிநேகிதி ஐஸ்பழம் வாங்கினாள். சப்பாத்தில் ஊற்றாமல் நின்று பாதி தின்றுவிட்டு, பிறகு நடந்துதான் போனேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினான்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ இன்னும் ஓடுவாய். பாலத்தடியில லொறி வரிசையா நிக்கும். விழுந்து கிழுந்து போனா?"

பிறகு படத்தைத் திரும்பத் தட்டிவிட்டான். மச்சாள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இது புதிது என்று முகத்தில் தெரிந்தது. மருமகள் மெதுவாக வந்து அவன் கால்சட்டையை மேலே இழுத்து முழங்காலைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, அது அப்பவே மாறிட்டு" என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பொன்மீன் வரும் வரை அவள் அங்கேயே இருந்தாள்.

இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

யூலை 28, திங்கள்: பாலம்

ஆறரைக்கு மருமகள் வெள்ளைச் சீருடையில் வாசலுக்கு வந்தாள். அண்ணன் குந்தியிருந்து நாடா கட்டினான், இரண்டு முடிச்சு. அவளை மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு ஏற்றிக்கொண்டு, "பஸ் ஏறினதும் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். நான் நேற்று இரவெல்லாம் சொல்ல வைத்திருந்த ஒன்றையும் சொல்லவில்லை. மச்சாள் ஒரு தயிர்ச் சட்டியை வாழைச்சருகு வைத்துக் கட்டித் தந்தார். கல்முனையில் பஸ் பிரேக் போட்டதில் சட்டி விளிம்பு உடைந்து, பாதித் தயிர் முன் இருக்கைக்காரரின் சாரத்தில். அவர் எழும்பி உதறிவிட்டு, "தயிர்தானே தங்கச்சி, அமிலமா?" என்று மிச்சத்தைச் சிந்தாமல் பிடிக்கத் தன் பத்திரிகையைத் தந்தார்.

இரவுதான் கொழும்பு பஸ். பதினொன்றரைக்கே கல்லடியில் இறங்கி, பெரியம்மா வீட்டில் பையை வைத்துவிட்டுப் பாலத்துக்கு நடந்தேன். 2013இல் திறந்த புதுப்பாலத்தில் வாகனங்கள் இரு பக்கமும் ஓடுகின்றன. பக்கத்தில் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம். எங்கள் காலத்தில் அது ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம், மற்றப் பக்கம் வரிசையில் நிற்கும். வாவி முழுக்க வெயில் தகடு போல. ஒரு தோணிக்காரர் வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்தார்.

நகரப் பக்க முனைக்குப் போய் நின்றேன். அங்கிருந்து அண்ணனுக்கு எடுத்தேன். மெஷின் சத்தத்துக்குள் கத்தினான்.

"ஆ? வார் போட்டாச்சு, ஓடுது! பஸ் ஏறிட்டியா?"

"இல்ல. பாலத்தடியில நிக்கன். அப்ப நீ எந்தப் பக்கம் நிப்பாய்?"

சத்தம் குறைந்தது. மெஷினை நிறுத்தியிருக்கிறான்.

"வாவிப் பக்கம். கம்பியில சாஞ்சி. அங்க நிண்டாத்தான் நீ வளைவில வாறது தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "கையை வைக்காத, இந்த நேரம் கம்பி சுடும்" என்றான்.

வாவிப் பக்கம் போனேன். வளைவு தெரிந்தது. கம்பியில் கையை வைத்தேன்.